வனக்காப்பாளர் ஆக வேண்டுமா? மகஜர் எழுதவும் இப்போதே பழகுங்கள்

தமிழ்நாட்டில் வனத்துறை வேலைக்குத் தயாராகும் தம்பி தங்கைகள் இரண்டு விஷயங்களுக்குத்தான் உயிரைக் கொடுத்து உழைக்கிறார்கள். ஒன்று எழுத்துத் தேர்வு, இன்னொன்று 25 கிலோமீட்டர் நடை. இரண்டிலும் தேறாமல் உள்ளே போக முடியாது என்பது உண்மைதான். ஆனால் உள்ளே போன பிறகு செய்யப்போவது சட்டத்தை நடைமுறைப்படுத்தும் வேலை. அதற்கு யாரும் தயாராகி வருவதில்லை. கோச்சிங் சென்டர்களிலும் அதைச் சொல்லித்தருவதில்லை.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் 50-ஆம் பிரிவை எடுத்துப் படியுங்கள். சோதனை போட, பொருளைப் பறிமுதல் செய்ய, வாரண்ட் இல்லாமல் ஆளைக் கைது செய்ய, போலீசில் என்றால் சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத ஒருவர் வேண்டும். வனத்துறைக்கு அந்த வரம்பு இல்லை. 'எந்த வன அலுவலரும்' என்றுதான் சட்டம் சொல்கிறது. பிளஸ் டூ முடித்துவிட்டு முதல் முறை காக்கி போடுகிற பையனுக்கும் பெண்ணுக்கும் சட்டம் கொடுக்கிற அதிகாரம் அவ்வளவு பெரியது. அந்த அதிகாரத்தைச் சரியாகக் கையாளத் தெரியாவிட்டால் வேட்டைக்காரன் கோர்ட்டில் தப்பிப்பான், அல்லது நிரபராதி ஒருவர் ஜெயிலுக்குப் போவார். அதனால் நுழைவு வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, சட்டம், சாட்சியம், குற்றம் நடந்த இடத்திலேயே எழுதுகிற மகஜர் என்ற ஆவணம் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

எந்த வாசல்?

காடு நிர்வாகத்துக்காகக் கோட்டம், சரகம், பிரிவு, காவல் சுற்று என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. கடைசியில் உள்ள காவல் சுற்றைத்தான் எல்லோரும் பீட் என்பார்கள். பீட்டுக்குப் பொறுப்பு வனக்காப்பாளர், அதாவது கார்டு. பல பீட்கள் சேர்ந்த பிரிவுக்கு வனவர். சரகத்துக்கு வனச்சரக அலுவலர், பேச்சு வழக்கில் ரேஞ்சர். கார்டுக்குக் கீழே வனக் காவலர் இருக்கிறார். அவரை வாட்சர் என்று அழைப்பார்கள்.

2018-ல் வனவர், வனக்காப்பாளர் பணிகளுக்கு வனச் சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம் தனியாகக் கணினி வழித் தேர்வு நடத்தியது. 2024 முதல் வனக்காப்பாளர், வனக்காவலர் பணிகள் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்குள் வந்துவிட்டன. வனவர் பணி குரூப் 2-ல் இருக்கிறது. ரேஞ்சர் ஆவதற்கான வனத் தொழில் பழகுநர் பணி குரூப் 6. உதவி வனப் பாதுகாவலர் பணி குரூப் 1ஏ. எல்லாவற்றுக்கும் மேலே யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்திய வனப் பணி. அதற்கு முதல்நிலைத் தேர்வு ஐ.ஏ.எஸ். தேர்வோடு ஒன்றுதான், முதன்மைத் தேர்வு தனி. தேறியவர்களுக்குப் பயிற்சி டேராடூனில் உள்ள இந்திரா காந்தி தேசிய வன அகாடமியில்.

குரூப் 4-ல் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். முதல் 100 கேள்விகள் தமிழ். அந்த 150 மதிப்பெண்ணில் 60 வாங்காவிட்டால் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். பொது அறிவில் புலியாக இருந்து தமிழில் கோட்டை விடுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

அதைவிட வருத்தமானது, தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தும் சான்றிதழ் சரிபார்ப்பில் வெளியேறுவது. வனக்காப்பாளர் பணிக்கு வெறும் பிளஸ் டூ போதாது. இயற்பியல், வேதியியல், உயிரியல், விலங்கியல், தாவரவியல் இவற்றில் ஒன்றாவது பாடமாக இருந்திருக்க வேண்டும். காமர்ஸ் குரூப் படித்தவர்கள் இதைக் கவனிக்காமல் விருப்பப் பணியாகக் குறித்துவிடுகிறார்கள். வனக்காவலர் பணிக்குப் பத்தாம் வகுப்பு போதும். அதில் பழங்குடி இளைஞர்களுக்கென்று தனி ஒதுக்கீடும் உண்டு. வனவர் பணிக்கு அறிவியல், விவசாயம், வனவியல், பொறியியல் என்று அறிவிக்கையில் உள்ள பட்டங்களில் ஒன்று வேண்டும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீட்டைக் கேட்கிறவர்கள் முதல் வகுப்பிலிருந்து பணிக்குரிய கல்வித் தகுதி வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் சான்று வைத்திருக்க வேண்டும். படித்த தொடக்கப் பள்ளி மூடப்பட்டிருந்தால் அந்தச் சான்றை வாங்க அலைய வேண்டியிருக்கும். ரிசல்ட் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

பட்டப்படிப்பை இனிமேல்தான் தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள் என்றால் மேட்டுப்பாளையம் வனவியல் கல்லூரியின் நான்கு வருட பி.எஸ்சி. வனவியல் நல்ல வழி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகக் கலந்தாய்வு மூலம் இடம் கிடைக்கும். வன உயிரியல் படிக்க நினைக்கிறவர்களுக்கு ஊட்டி அரசு கலைக் கல்லூரியும் மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியும் இருக்கின்றன.

உடல்

உயரம் ஆண்களுக்கு 163 சென்டிமீட்டர், பெண்களுக்கு 150. பழங்குடியினருக்கு 152, 145. வெறுங்காலோடுதான் அளப்பார்கள். மூச்சை இழுத்தால் மார்பு 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். ஒல்லியாக இருக்கிறவர்களுக்கு இது சிக்கலாகலாம். நீச்சலும் மூச்சுப் பயிற்சியும் சில மாதங்களில் வித்தியாசம் காட்டும், கடைசி வாரத்தில் செய்து பயனில்லை. கண் பரிசோதனையை விண்ணப்பிக்கும் முன்பே, நிறக்குருடு சோதனையும் சேர்த்து, செய்துவிடுங்கள். அது பயிற்சியால் சரியாகிற விஷயமில்லை என்பதால் முன்பே தெரிந்திருப்பது நல்லது.

நடை ஆண்களுக்கு 25 கிலோமீட்டர், பெண்களுக்கு 16, நேரம் நான்கு மணி. இந்திய வனப் பணியிலும் ஆண்களுக்கு அதே 25 தான், பெண்களுக்கு 14. ஆண்களுக்கான கணக்கைப் போட்டால் ஒரு கிலோமீட்டருக்கு 9 நிமிடம் 36 விநாடி வருகிறது. ஒரு எட்டு 80 சென்டிமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 130 எட்டு வைக்க வேண்டும். சாதாரண நடையில் இது வராது, ஓடவும் தேவையில்லை. 5 கிலோமீட்டரை 48 நிமிடத்தில் முடித்தால் மொத்தம் சரியாக நான்கு மணி நேரம் ஆகும். தண்ணீர் குடிக்க, ஷூ லேஸ் கட்ட நேரம் மிஞ்சாது. அதனால் 46 நிமிடத்தை இலக்காக வையுங்கள். பத்து நிமிடம் கையிருப்பு கிடைக்கும்.

பன்னிரண்டு வாரம் இருந்தால் நிதானமாகத் தயாராகலாம். வாரத்தில் நான்கு நாள் 5 முதல் 8 கிலோமீட்டர், ஒரு நாள் மட்டும் நீண்ட நடை. அந்த நீண்ட நடை 10-ல் தொடங்கி வாரம் ஒன்றிரண்டு கிலோமீட்டராகக் கூடி 22 வரை போகட்டும். சோதனைக்கு முந்தைய வாரம் பாதியாகக் குறையுங்கள். தூரம் கண்டு தோற்கிறவர்கள் குறைவு. காலில் கொப்புளம் வந்தோ, முதல் 8 கிலோமீட்டரை ஓடிவிட்டுக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டோ உட்கார்ந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். புது ஷூவை அன்றைக்குப் போடாதீர்கள், குறைந்தது நூறு கிலோமீட்டர் நடந்து பழகியதாக இருக்கட்டும். பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்து வைத்து தோலை உரிக்கும், மெல்லிய செயற்கை இழைக் காலுறை நல்லது. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் உப்பு இறங்கிவிடும், ஓ.ஆர்.எஸ். கரைசலைப் பயிற்சியின்போதே பழக்கிக்கொள்ளுங்கள்.

பீட்டில் தினமும் நடப்பது வேறு மாதிரி. மேடு, பள்ளம், உண்ணிச்செடிப் புதர், முதுகில் அரிசியும் பருப்பும். புலிகள் காப்பகங்களில் ரோந்துப் பாதையை எம்-ஸ்ட்ரைப்ஸ் செயலி பதிவு செய்துகொண்டே வரும். கையில் பெரும்பாலும் கம்பும் டார்ச்சும்தான். வால்பாறை, கூடலூர், ஓசூர் பக்கம் போஸ்டிங் என்றால் இரவுப் பொழுதில் பாதி ஊருக்குள் வந்த யானையைத் திருப்பி அனுப்புவதிலேயே போகும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, கூட்டத்தில் குட்டி இருக்கிறதா, மக்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதை நொடியில் பார்க்கத் தெரிய வேண்டும். இதைப் புத்தகத்தில் படிக்க முடியாது. அந்தந்தக் காட்டில் பிறந்து வளர்ந்த வேட்டைத் தடுப்புக் காவலர்கள்தான் இதற்கு ஆசான்கள். பதவியில் உங்களுக்குக் கீழே இருந்தாலும் அவர்களை அண்ணா என்று கூப்பிட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

சட்டம்

முதலில் ஒரு எச்சரிக்கை. கடைகளில் விற்கிற பழைய கைடுகளில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஆறு அட்டவணை என்று இருக்கும். 2022-ல் வந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இப்போது அட்டவணை நான்குதான். முதலாவதில் உச்சப் பாதுகாப்பு பெற்ற விலங்குகள், இரண்டாவதில் அடுத்த நிலை, மூன்றாவதில் தாவரங்கள், நான்காவதில் பன்னாட்டு வணிகத்துக்கான சைட்டீஸ் உடன்படிக்கையில் வரும் இனங்கள். பச்சைக்கிளி முன்பு நான்காம் அட்டவணையில் இருந்தது, இப்போது இரண்டாவதில் இருக்கிறது. பழைய எண்ணைப் போட்டு வழக்கு எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு முதல் கேள்வியை நீங்களே எடுத்துக் கொடுத்தது போல ஆகும்.

யானை, புலி, சிறுத்தை, காட்டுமாடு, எறும்புத்தின்னி எல்லாம் முதல் அட்டவணை. மன்னார் வளைகுடாவிலிருந்து கள்ளத்தனமாக இலங்கைக்குப் போகிற கடல் அட்டையும் அதில்தான் வருகிறது. முதல் அட்டவணை விலங்கு என்றாலோ, சரணாலயத்துக்குள் அல்லது தேசியப் பூங்காவுக்குள் வேட்டையாடினாலோ தண்டனை குறைந்தது மூன்று வருடம், அதிகம் ஏழு வருடம், அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. மற்றவற்றுக்கு மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

வேட்டை என்றால் கொல்வது மட்டும் என்று நினைக்கக் கூடாது. பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, அவற்றுக்கு முயல்வது, பறவையின் முட்டையையும் கூட்டையும் கலைப்பது எல்லாமே வேட்டைக்குள் வரும். சுருக்குக் கம்பி கட்டிவிட்டு இன்னும் எதுவும் சிக்கவில்லை என்றாலும் குற்றம் நடந்துவிட்டது. பன்றிக்கு வைத்த அவுட்டுக்காயை, அதாவது தீனிக்குள் மறைத்த வெடியை, யானை கடித்து வாய் சிதறினால், 'பன்றிக்குத்தான் வைத்தேன்' என்பது பதில் ஆகாது. காட்டுப்பன்றியும் பாதுகாக்கப்பட்ட விலங்குதான்.

இன்னொரு முக்கியமான வேறுபாடு உண்டு. வேட்டைத் தடை நிலத்தைப் பொறுத்தது அல்ல. பட்டா நிலத்தில் மானைச் சுட்டாலும் குற்றமே. ஆனால் தமிழ்நாடு வனச் சட்டம் 1882-ன் கீழ் காப்புக்காட்டில் (ரிசர்வ் ஃபாரஸ்ட்) அத்துமீறல், மரம் வெட்டுதல் என்று வழக்குப் போட்டால், அந்த இடம் காப்புக்காடுதான் என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டும். அதற்குப் பதினாறாம் பிரிவின் கீழ் வெளியான அரசிதழ் அறிவிக்கையின் நகலும் எல்லை வரைபடமும் கோர்ட்டில் வேண்டும். சம்பவ இடம் எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று எழுதாத வழக்குகள் இந்த ஒரு கேள்வியிலேயே விழுகின்றன. புதிய பீட்டுக்குப் போனதும் செய்ய வேண்டிய முதல் வேலை, எல்லைக் கற்களை வரிசையாக நடந்து பார்த்து, ஒவ்வொன்றின் ஜி.பி.எஸ். புள்ளியையும் குறித்து வைப்பது.

மகஜர்

வழக்கு நிற்பதும் விழுவதும் மகஜரில். ஸ்பாட்டில் பார்த்ததையும் எடுத்ததையும் அங்கேயே, அப்போதே எழுதுகிற ஆவணம் அது. மோசமாக எழுதினால் இப்படி இருக்கும்:

'ரோந்து சென்றபோது காட்டுப்பகுதியில் எதிரி சுமார் 3 கிலோ மான் கறியுடன் பிடிபட்டார். கறி கைப்பற்றப்பட்டது.'

இதில் நாள் இல்லை, நேரம் இல்லை. எந்தக் காட்டுப்பகுதி என்று இல்லை. சுமார் என்ற சொல் இருந்தாலே எடை போடவில்லை என்று அர்த்தம். மான் கறி என்று யார் முடிவு செய்தது? ஆய்வக அறிக்கை ஆட்டுக்கறி என்று வந்தால் மகஜர் எழுதியவரின் மற்ற வார்த்தைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள். 'வன விலங்கின் இறைச்சி என நம்பப்படும், சிவப்பு நிறமுள்ள, எலும்புடன் கூடிய துண்டுகள்' என்று கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும்.

நல்ல மகஜரில் தொடங்கிய நேரமும் முடித்த நேரமும் இருக்கும். பீட்டின் பெயர், ஜி.பி.எஸ். புள்ளி, பக்கத்தில் உள்ள ஓடை, பாறை, எல்லைக் கல் போன்ற அடையாளம், அதிலிருந்து எத்தனை மீட்டர், எந்தத் திசை என்பது இருக்கும். தகவல் வந்து போனார்களா, ரோந்தில் தற்செயலாகப் பார்த்தார்களா என்பது இருக்கும். யார் யார் உடனிருந்தார்கள், யார் எதைத் தொட்டு எடுத்தார்கள் என்பதும். தராசில் போட்ட எடை, டேப்பில் அளந்த நீளம், துப்பாக்கி என்றால் குழலின் நீளம், கட்டையில் உள்ள கீறல்கள். சுருக்குக் கம்பி என்றால் அதை அவிழ்ப்பதற்கு முன்பு, பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்த படம். அவிழ்த்த பிறகு எடுத்த படம் கம்பி எங்கே, எப்படி இருந்தது என்பதைச் சொல்லாது. ஒவ்வொரு பக்கத்திலும் எண், ஒவ்வொரு திருத்தத்திலும் சுருக்கொப்பம், கடைசி வரிக்குக் கீழே வெற்றிடம் இல்லாமல் கோடு.

சாட்சிகள் இரண்டு பேராவது துறைக்கு வெளியே இருந்து வேண்டும். நடுக்காட்டில் இரவு இரண்டு மணிக்கு யாரைத் தேடுவது என்பது நியாயமான கேள்வி. கிராம நிர்வாக அலுவலரை அழைத்து வர முடிந்தால் நல்லது. முடியாதபோது துறை ஊழியர்களையே சாட்சியாக வைத்துவிட்டு, வெளியாட்களை ஏன் அழைக்க முடியவில்லை என்ற காரணத்தையும் மகஜரிலேயே எழுத வேண்டும். அந்த ஒரு வாக்கியம் இருந்தால் கோர்ட் ஏற்றுக்கொள்ள வழி உண்டு. ஸ்பாட்டில் இல்லாத ஒருவரிடம் மறுநாள் கையெழுத்து வாங்குவதுதான் மிகப் பெரிய தவறு. அது பொய் ஆவணம். குறுக்கு விசாரணையில் ஐந்து நிமிடம்கூடத் தாங்காது.

மாதிரி எடுப்பதில் அடிக்கடி நடக்கிற பிழை ஃபார்மலின். இறைச்சி கெடாமல் இருக்க அதை ஊற்றிவிடுகிறார்கள். ஃபார்மலின் மரபணுவைச் சிதைத்துவிடும், பிறகு இனத்தைக் கண்டுபிடிக்க ஆய்வகம் திண்டாடும். சுத்தமான ஆல்கஹாலில் போடுங்கள், அல்லது உறைய வையுங்கள். தோல், முடி, காய்ந்த ரத்தம் படிந்த துணி போன்றவற்றை நிழலில் உலர்த்திக் காகித உறையில் போட வேண்டும், பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் கட்டிப் பூஞ்சை பிடிக்கும். ஒரு துண்டை வெட்டிய கத்தியால் துடைக்காமல் இன்னொன்றை வெட்டாதீர்கள். சமைத்த கறியிலிருந்தும் இனத்தைக் கண்டறிய வாய்ப்பு உண்டு, அதனால் 'குழம்பு வைத்துவிட்டார்கள், இனி ஒன்றும் செய்ய முடியாது' என்று சட்டியை விட்டுவிட்டு வராதீர்கள். உறைக்கு அரக்கு முத்திரை வைத்து, அந்த முத்திரையின் மாதிரிப் பதிவைத் தனியாக அனுப்ப வேண்டும். வந்த உறை பிரிக்கப்படவில்லை என்பதை ஆய்வகம் அதை வைத்துத்தான் ஒப்பிடும். பொருள் யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்த நாளில், எத்தனை மணிக்குப் போனது என்ற வரிசை ஒரு நாள்கூட அறுபடக் கூடாது. வண்டலூரில் உள்ள வனத்துறையின் ஆய்வகம், ஹைதராபாத்தின் லாகோன்ஸ் ஆய்வகம், டேராடூனின் இந்திய வனஉயிரின நிறுவனம் ஆகியவை இந்த வகைச் சோதனைகளைச் செய்கின்றன.

செத்துக் கிடக்கிற விலங்கு என்றால் கால்நடை மருத்துவர் வரும் வரை யாரையும் கிட்டே விடாதீர்கள். உடலுக்குள் ஈயக்குண்டு இருக்கிறதா என்று மெட்டல் டிடெக்டரால் பார்க்க வேண்டும். மேலே மின்கம்பி போகிறதா, தரையில் கம்பி இழுத்த தடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

இப்போதெல்லாம் பாதி ஆதாரம் செல்போனில்தான் இருக்கிறது. பிடிபட்டவரின் போனை வாங்கிக் கேலரியைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். ஏரோப்ளேன் மோடில் போட்டு, உறையில் வைத்து முத்திரையிட்டு, தடயவியல் ஆய்வுக்கு அனுப்புங்கள். நீங்கள் எடுத்த படங்களையும் வீடியோவையும் கோர்ட்டில் தாக்கல் செய்ய இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியம் 2023-ன் 63-ஆம் பிரிவு கேட்கும் மின்னணு ஆதாரச் சான்று வேண்டும். எந்தப் போனில், யார் எடுத்தது என்று மகஜரிலேயே குறித்தால் அந்தச் சான்று எழுத எளிதாகும்.

எல்லையும் சட்டத்தில் இருக்கிறது

கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும். ரேஞ்ச் ஆபீசில் இரண்டு இரவு வைத்திருந்து பிறகு கைது நேரத்தை மாற்றி எழுதுவது சட்டவிரோதக் காவல். கைதுக் குறிப்பில் குடும்பத்தாருக்கு எப்போது தகவல் சொன்னீர்கள் என்பது இருக்க வேண்டும். பெண்ணைக் கைது செய்யப் பெண் அலுவலர் வேண்டும்.

பிடிபட்டவர் 'ஆமாம், நான்தான் செய்தேன்' என்று கார்டிடம் சொன்னால் வழக்கு முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். 50-ஆம் பிரிவின் எட்டாம் உட்பிரிவின்படி சாட்சியம் பதிவு செய்யும் அதிகாரம் உதவி வனப் பாதுகாவலருக்குக் குறையாத, அதற்கென அதிகாரம் அளிக்கப்பட்ட அலுவலருக்குத்தான். அதுவும் குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையில் பதிவாகியிருந்தால்தான் பின்னால் விசாரணையில் ஏற்கப்படும். அடித்து வாங்கிய வாக்குமூலம் குற்றம், அதை வாங்கியவர் குற்றவாளி.

வாச்சாத்தி வழக்கைப் படிக்காமல் யாரும் இந்தச் சீருடையைப் போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 1992 ஜூனில் சந்தனக்கட்டை தேடல் என்ற பெயரில் தருமபுரி மாவட்டத்துப் பழங்குடி கிராமமான வாச்சாத்திக்குள் வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் புகுந்தன. மக்களை அடித்தார்கள், வீடுகளை நாசம் செய்தார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011-ல் தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துவிட, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் சொன்னது. 2023-ல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த 215 பேரில் வனத்துறையினர் 126 பேர். மேலதிகாரி சொன்னார் என்பது அவர்களில் யாரையும் காப்பாற்றவில்லை.

வன உரிமைச் சட்டம் 2006-ஐயும் இதே கவனத்தோடு படியுங்கள். இருளரோ குறும்பரோ காணிக்காரரோ தேன் எடுப்பதும் கடுக்காய், நெல்லி பொறுக்குவதும் அவர்களுடைய சட்டபூர்வ உரிமையாக இருக்கலாம். உரிமைக் கோரிக்கையைச் சரிபார்த்து முடிக்கும் வரை அவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றக் கூடாது என்று நான்காம் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு சொல்கிறது. உங்கள் பீட்டில் எந்தெந்தக் கிராம சபைகளுக்கு என்ன உரிமை வழங்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியல் பாக்கெட்டில் இருக்கட்டும். தேன் எடுத்து வருகிறவரை மடக்கிக் கூடையைப் பறிக்கிற கார்டுக்கு, அடுத்த வாரம் வெளியூர் வேட்டைக் கும்பல் வந்திருப்பதை அந்த ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். வேட்டை வழக்குகளில் பெரும்பாலான தகவல் காட்டோரத்து மக்களிடமிருந்துதான் வருகிறது.

சாட்சிக் கூண்டு

வன உயிரினச் சட்ட வழக்கில் போலீஸ் போல் குற்றப்பத்திரிகை போடுவதில்லை. 55-ஆம் பிரிவின்படி அதிகாரம் பெற்ற வன அலுவலர் நடுவரிடம் புகார் தாக்கல் செய்ய வேண்டும். அதனால் விசாரணை முறையும் வேறு. குற்றச்சாட்டு வனைவதற்கு, அதாவது எந்தக் குற்றம் என்று கோர்ட் முறைப்படி பதிவு செய்வதற்கு, முன்பே சாட்சிகளைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள், வனைந்த பிறகு மறுபடி குறுக்கு விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். இரண்டுக்கும் இடையே வருடங்கள் ஓடலாம். அதற்குள் நீங்கள் முதுமலையிலிருந்து களக்காட்டுக்கு மாறுதலாகிப் போயிருப்பீர்கள். நினைவை நம்ப முடியாது, அன்றைக்கு எழுதிய நாட்குறிப்பும் மகஜரும்தான் கைகொடுக்கும். வக்கீல் 'எத்தனை அடி தூரத்தில் பார்த்தீர்கள், நிலா இருந்ததா, டார்ச்சை யார் பிடித்திருந்தார்' என்று கேட்பார். எழுதி வைத்திருந்தால் சொல்லுங்கள். நினைவில் இல்லாவிட்டால் நினைவில்லை என்று சொல்லிவிடுங்கள், அதனால் வழக்கு கெடாது. கெடுப்பது ஊகம். மகஜரில் மாலை 5.30, கைதுக் குறிப்பில் 4.45 என்று இருந்தால் எந்தப் பதிலும் அதைச் சரிசெய்யாது. அதனால் எல்லாத் தாள்களின் நேரத்தையும் அன்றிரவே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் வேலைக்கு முன்பே பழகலாம். மாவட்டத்தில் உள்ள குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் பொதுவாக யாரும் போய் உட்காரலாம். ஒரு வாரம் உட்கார்ந்து சாட்சிகள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று கவனியுங்கள். ஊருக்கு வெளியே ஒரு மரத்தடியில் கயிறு, கத்தி, ஒரு பை இவற்றை நண்பரை வைக்கச் சொல்லி, அரை மணி நேரத்தில் மகஜர் எழுதுங்கள். இன்னொரு நண்பர் அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு சரியான மரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அவர் வேறு மரத்தடியில் போய் நின்றால் எந்த வரி போதவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும். வனத்துறை வருடந்தோறும் நடத்தும் பறவைக் கணக்கெடுப்பில் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள், அதில் கலந்துகொண்டால் இனம் பிரித்து அறியவும் களக்குறிப்பு எழுதவும் பழக்கம் வரும்.

நான் சொன்ன மத்தியச் சட்டங்களின் மூல வாசகம் இந்தியா கோட் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கைடு வாங்குகிற காசில் அவற்றை அச்செடுத்துக்கொள்ளுங்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்தால் கடைசிப் பக்கங்களுக்குப் போய் அட்டவணை நான்கோடு முடிகிறதா என்று முதலில் பாருங்கள். ஆறு இருந்தால் அது பழைய பதிப்பு.